ஆபரேஷன் இல்லாமல் முட்டிக்கு இழுவை சிகிச்சை: போய்வந்தவள் சொல்வது

எங்கள் நகரி, ஏகாம்பரகுப்பம் பக்கத்தில் முட்டி வலிக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு எப்படியும் அந்த மெஷினில்தான் வந்து நிற்கிறது. திருப்பதியில் ஆபரேஷன் இல்லாமலே முட்டியை இழுத்துவிடுகிறார்களாம், உள்ளே கேப் வந்துவிடுகிறதாம், வலி போய்விடுகிறதாம். நான் போய்வந்தவள் என்று தெரிந்ததும் பால் வாங்கும் இடத்தில்கூட நிறுத்திக் கேட்கிறார்கள். நின்ற இடத்தில் பாதி சொல்லிப் பாதி விட்டால் கேட்பவர்களுக்கு ஆசைதான் மிஞ்சும். அதனால் உட்கார்ந்து முழுதாக எழுதிவிடுகிறேன்.

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு வலி நன்றாகவே குறைந்தது. தேய்ந்தது வளரவில்லை. வளரும் என்று யார் சொன்னாலும் அந்த நம்பிக்கையில் பணம் கட்டாதீர்கள். மெஷின் கொடுத்த நிம்மதி கொஞ்ச காலத்துக்கு. அந்தக் கொஞ்ச காலத்தில் தொடைச் சதைக்கு வேலை கொடுத்ததால்தான் இன்றைக்கு நான் கடைத்தெரு வரை நடந்து போய் வருகிறேன்.

எங்களுடையது தறிக்காரக் குடும்பம். மாமியார் காலத்தில் குழித்தறி, இப்போது விசைத்தறி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ராட்டை முன்னால் ஒரு காலை மடக்கி உட்கார்ந்து தார், அதாவது தறி நாடாவுக்குள் வைக்கும் நூல், சுற்றியிருக்கிறேன். விசைத்தறி வந்த பிறகு நாள் முழுக்க சிமெண்ட் தரையில் தறிகளுக்கு நடுவே நின்று, இழை அறுந்தால் குனிந்து முடிபோட்டிருக்கிறேன். எங்கள் தெருவில் ஐம்பது தாண்டிய பெண்கள் பலர் மாடிப்படியில் பக்கவாட்டாகத்தான் இறங்குவார்கள். வயசானால் அப்படித்தான் என்று யாரும் அதை ஒரு நோயாகவே எடுத்துக்கொள்வதில்லை. எனக்கு அது வருத்தம். ஆரம்பத்திலேயே கவனித்தால் பாதி அவஸ்தை குறையும்.

எனக்கு முதலில் தெரிந்தது திருத்தணியில். 1960இல் எல்லை திருத்தியபோது திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது, நகரி ஆந்திராவிலேயே தங்கிவிட்டது. ஆனால் எங்களுக்கு முருகன் மாறவில்லை. ஆடிக் கிருத்திகைக்கு மலையின் 365 படியும் ஏறித்தான் போவோம். ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. இறங்கும்போது இடது முட்டியின் உட்பக்கம் சுருக் சுருக்கென்று குத்தியது. தேய்மானம் பலருக்கு இப்படித்தான் தொடங்கும். படி இறங்கும்போது உடம்பின் மொத்தக் கனத்தையும் ஒரு முட்டி தாங்கிப் பிடித்து மெதுவாக இறக்க வேண்டியிருக்கிறது. சமதரையில் நடக்கும்போதே உடம்பு எடையைப்போல இரண்டு மூன்று மடங்கு சுமை முட்டியில் விழும். படியில் அது இன்னும் கூடும்.

அப்புறம் வழக்கம்போல எல்லோரும் வைத்தியம் சொன்னார்கள். எங்கள் ஊரில் காலில் எது வந்தாலும் முதல் யோசனை, “புத்தூர் போய் கட்டு போட்டுக்கிட்டு வா” என்பதுதான். புத்தூர் பக்கத்து ராசபாளையத்து எலும்பு முறிவுக் கட்டுக்கு மாநிலம் தாண்டி ஆட்கள் வருகிறார்கள், அது தெரிந்த விஷயம். ஆனால் அது முறிவுக்கு. தேய்மானத்தில் முட்டியை அசையாமல் கட்டி வைத்தால் சுற்றியுள்ள சதை இன்னும் இளைக்கும், மூட்டு இறுகிப் போகும். வேண்டியது அதற்கு நேர்மாறு.

எலும்பு டாக்டரிடம் போனபோது அவர் நிற்கவைத்து எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். படுக்கவைத்து எடுத்தால் சுமை இல்லாத முட்டியில் இடைவெளி உள்ளதைவிட அதிகமாகத் தெரியும். நின்றபடி எடுத்தால்தான் எலும்போடு எலும்பு எவ்வளவு நெருங்கியிருக்கிறது என்று புரியும். கெல்கிரன், லாரன்ஸ் என்ற இரண்டு டாக்டர்கள் 1957இல் வகுத்த முறைப்படி தேய்மானத்தை நாலு நிலையாகச் சொல்கிறார்கள். எனக்கு வலது இரண்டு, இடது மூன்று. எக்ஸ்ரேயில் மோசமாக இருப்பவர் நன்றாக நடப்பதும், லேசாக இருப்பவர் வலியில் துடிப்பதும் உண்டு. ஆகவே படத்தைப் பார்த்து மட்டும் பயந்துவிட வேண்டாம்.

ஏன் இப்படி என்று டாக்டரிடம் கேட்டேன். பொறுமையாக விளக்கினார். நாம் ஜவ்வு என்று சொல்லும் குருத்தெலும்பில் ரத்தக் குழாயும் கிடையாது, நரம்பும் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் வழுவழுப்பான நீர்தான் அதற்குச் சாப்பாடு. சுமை ஏறி இறங்கும்போது அந்த நீர் உள்ளே போய் வெளியே வருகிறது. ரத்த ஓட்டம் இல்லாததால் ஒருமுறை தேய்ந்தால் தோல் காயம் ஆறுவதுபோல் தானாக ஆறாது. வலி அந்தக் குருத்தெலும்பிலிருந்து வருவதில்லை. அடியில் உள்ள எலும்பு, மூட்டைச் சுற்றிய உறை, இறுகிப்போன சதை, இவற்றிலிருந்து வருகிறது. இது புரிந்ததும் எனக்கு ஒரு தெளிவு வந்தது. குருத்தெலும்பு வளராமலே வலி குறையலாம். இழுவை சிகிச்சை செய்வதும் அதைத்தான்.

அந்த சிகிச்சை எங்கே இருக்கிறது என்று தேடிப் பிடித்தவள் என் மகள். சென்னையிலிருந்து போன் செய்து, திருப்பதியில் ஒரு பிசியோ சென்டரில் இருக்கிறது, ஒரு எட்டு போய்ப் பார் என்றாள். டாக்டரிடம் கேட்டேன். எலும்பில் பலம் இருக்கிறது, தசைநார் சரியாக இருக்கிறது, செய்து பார்க்கலாம், கெடுதல் இல்லை, ஆனால் உடற்பயிற்சிக்குப் பதிலாக அதை நினைக்காதீர்கள் என்றார். இந்த ஒரு பேச்சுக்காகவாவது மெஷினுக்குப் போகும் முன் எலும்பு டாக்டரைப் பார்த்துவிட வேண்டும்.

சென்டரின் முன்மேசையில் இருந்தவர் ஒரு நோட்டீஸைக் கொடுத்தார். சிகிச்சைக்கு முன், பின் என்று இரண்டு ஸ்கேன் படம். முன்னால் இடைவெளி இல்லை, பின்னால் இருக்கிறது. இந்தப் படங்களில்தான் நிறையப் பேர் மயங்கிவிடுகிறார்கள். நெதர்லாந்தில் உட்ரெக்ட் நகர டாக்டர்கள் பல வருஷமாக ஒரு முறையைச் செய்து ஆராய்ந்துவருகிறார்கள். தொடை எலும்பிலும் கால் எலும்பிலும் கம்பிகளை இறக்கி, வெளியே ஒரு சட்டம் பொருத்தி, மூட்டைச் சுமார் 5 மில்லிமீட்டர் பிரித்து ஆறு வாரம் அப்படியே வைப்பார்கள். அதில் குருத்தெலும்பு ஓரளவு திரும்ப வந்ததை ஸ்கேனில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அது ஆபரேஷன். ராத்திரி பகல் என்று பாராமல் வாரக்கணக்கில் பிரிந்தே இருக்கும் மூட்டு அது. பெல்ட் கட்டி அரை மணி நேரம் இழுத்துவிட்டு, எழுந்து நடந்து வீட்டுக்குப் போகும் நமக்கு அந்தப் பலனைக் காட்டுவது நியாயமில்லை. இரண்டுக்கும் பெயர் கிட்டத்தட்ட ஒன்று என்பதால் குழப்பம் வருகிறது. பெல்ட் இழுவையில் சில வாரம், சில மாதம் வலி குறைந்ததாகச் சின்னச் சின்ன ஆய்வுகள் சொல்கின்றன. அதற்கு மேல் சொல்பவரிடம், எந்த சிகிச்சையில் எடுத்த படம் இது என்று கேளுங்கள்.

பேக்கேஜ் என்று அவர் சொன்ன தொகை எங்கள் தறிகள் ஒரு மாதம் ஓடினால் வரும் கூலியைவிட அதிகம். மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்றார். என் வீட்டுக்காரர் அமைதியாக, முதல் வாரத்துக்கு மட்டும் கட்டுகிறோம், பலன் தெரிந்தால் மேற்கொண்டு கட்டுகிறோம் என்றார். கொஞ்சம் முணுமுணுத்தார்கள், பிறகு ஒத்துக்கொண்டார்கள். கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள், கேட்கத்தான் நமக்குக் கூச்சம். முதல் ஐந்தாறு தடவையில் கொஞ்சம்கூட வித்தியாசம் தெரியாவிட்டால், இருபது தடவை போனால் தெரியும் என்ற பேச்சுக்கு நான் காசு கட்டமாட்டேன்.

மெஷினை இயக்குவது யார் என்றும் கேட்க வேண்டும். பிசியோதெரபிக்கு பி.பி.டி. என்று பல வருடப் பட்டப்படிப்பு இருக்கிறது. படித்தவர் முதல் நாள் முட்டியைத் தொட்டு, மடக்கி, நீட்டி, நடக்கவைத்துப் பார்த்துவிட்டுத்தான் பெல்ட்டை எடுப்பார். வந்ததும் கட்டிலில் ஏற்றிப் பெல்ட்டைக் கட்டுகிற இடமென்றால் எழுந்து வந்துவிடுவது நல்லது.

சரி, அந்தக் கட்டிலில் என்ன நடக்கிறது என்பதுதான் எல்லோரும் கேட்பது. மல்லாக்கப் படுக்கவைக்கிறார்கள். முட்டிக்கு அடியில் ஒரு சின்னத் தலையணை, கால் லேசாக மடங்கியிருக்கும் அளவுக்கு. முழுதாக நீட்டினால் மூட்டு இறுகிப் பூட்டிக்கொள்ளும், லேசாக மடங்கியிருந்தால்தான் தளர்வாக இருக்கும் என்று சொன்னார்கள். தொடையில் அகலமான பெல்ட் ஒன்று. அது மேல்காலை அசையாமல் பிடித்துக்கொள்ளும். கணுக்காலுக்கு மேலே மெத்தை வைத்த பட்டை ஒன்று. அதிலிருந்து ஒரு கயிறு கட்டிலின் கால்மாட்டில் இருக்கும் மோட்டாருக்குப் போகிறது. கையில் ஒரு சிவப்புப் பட்டனைக் கொடுத்துவிடுவார்கள். வலித்தால் அழுத்தினால் போதும், இழுவை நின்றுவிடும். அந்தப் பட்டன் இல்லாமல் ஆரம்பிக்க விடாதீர்கள்.

மோட்டார் ஓடத் தொடங்கியதும் குதிகால் விரிப்பின் மேல் கொஞ்சம் நகர்கிறது. அவ்வளவுதான் கண்ணுக்குத் தெரிவது. உள்ளே, இறுகிப்போன டப்பா மூடி நெகிழ்வதுபோல ஒரு தளர்வு. சில நொடி இழுத்துப் பிடிக்கும், பிறகு விடும், மறுபடி இழுக்கும். பிசியோ செய்த பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நொப்பிகா உந்தா அம்மா?” வலிக்கிறதா என்று தெலுங்கில் கேட்டாள்.

“வலி இல்ல பாப்பா, இழுக்குதுன்னு மட்டும் தெரியுது.”

“அந்த்தே சாலு”, அது போதும் என்று சிரித்தாள். இழுப்பு தெரிய வேண்டும், வலி தெரியக்கூடாது. அதுதான் அளவு. முதல் நாள் மிகக் குறைந்த இழுவை, போகப்போகத்தான் கூட்டினாள். எனக்குச் சீக்கிரம் சரியாகட்டும், நன்றாக இழுத்துவிடு என்று கேட்கிற பெரியவர்களை அங்கே பார்த்தேன். அதிகமாக இழுத்தால் சதை பயந்து எதிர்த்துப் பிடித்துக்கொள்ளும், பலன் குறையும் என்று அவர்களுக்கு அவள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒரு முட்டிக்கு இருபது நிமிஷத்திலிருந்து அரை மணி வரை ஆகிறது. முடிந்ததும் துள்ளி எழக்கூடாது. மோட்டாரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துவார்கள். அதன்பிறகும் சில நிமிஷம் படுத்திருந்து, கால்களைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து, கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழ வேண்டும். முதல் எட்டில் முட்டி வேறு யாருடையதோ போல லேசாக இருந்தது. அந்த லேசு ஏகாம்பரகுப்பத்தில் ரயில் இறங்கும்போது பாதி போய்விட்டது. அன்று சாயந்திரம் முட்டியைச் சுற்றி மந்தமான ஒரு வலியும் வந்தது. அடுத்த நாள் காலையில் அது இல்லை. இந்தச் சாயந்திர வலியைப் பார்த்து நிறையப் பேர் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். ஒரு நாளில் அடங்கினால் பரவாயில்லை. இரண்டு நாள் தாண்டியும் இருந்தால், வீக்கம் வந்தால், அடுத்த முறை இழுவையைக் குறைக்கச் சொல்ல வேண்டும்.

திருப்பதி போய் வருவதே ஒரு வேலைதான். ரயிலில் படி உயரம், பஸ்ஸில் கூட்டம். சிகிச்சை முடிந்த கையோடு கோவிலுக்குப் போகிறேன், துணிக்கடைக்குப் போகிறேன் என்று ஊர் சுற்றினால் இழுத்த பலன் அன்றைக்கே போய்விடும். நான் வாரத்தில் மூன்று நாள் என்ற கணக்கில், ஒரு நாள் விட்டு ஒரு நாள் போனேன். இரண்டாவது வாரத்தில் ராத்திரி புரண்டு படுக்கும்போது விழிப்பு வருவது நின்றது. அப்புறம் காலையில் எழுந்து முதல் பத்து எட்டு வைக்கும்போது இருந்த இறுக்கம் குறைந்தது. படி இறங்கும் வலிதான் கடைசியாகக் குறைந்தது. இன்னும் முழுதாகப் போகவில்லை. வலது முட்டியில் பலன் சீக்கிரம் தெரிந்தது, இடதில் மெதுவாக. நாலாம் நிலைக்குப் போய், கால் வில்லாக வளைந்துவிட்டவர்கள் இதில் அதிகம் எதிர்பார்க்க முடியாது என்று டாக்டரே சொல்லியிருந்தார்.

எனக்குச் சர்க்கரை இருக்கிறது. அதனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பல வருஷச் சர்க்கரையில் பாதத்திலும் கணுக்காலிலும் உணர்ச்சி மங்கியிருக்கும், பட்டை இறுக்கினாலும் தெரியாது. ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு வந்ததும் பட்டை கட்டிய இடத்தை வெளிச்சத்தில் பார்த்தேன். ஒருமுறை கணுக்காலின் உட்பக்கம் சிவந்து கன்றியிருந்தது. அடுத்த தடவை அந்தப் பெண்ணிடம் காட்டினேன், உள்ளே ஒரு பஞ்சுத் துணி வைத்துக் கட்டினாள். சின்ன விஷயம்தான், ஆனால் சர்க்கரைக்காரர் காலில் புண் வந்தால் முட்டி வலி மறந்தே போகும்.

சிலருக்கு இந்த சிகிச்சை ஆகவே ஆகாது. ஏற்கெனவே செயற்கை மூட்டு வைத்தவர்கள், சமீபத்தில் முறிவோ ஆபரேஷனோ ஆனவர்கள், எலும்பு மிகவும் பலவீனமாகிவிட்டவர்கள், தசைநார் அறுந்து முட்டி ஆடுகிறவர்கள், மூட்டில் கிருமித் தொற்றோ கட்டியோ இருப்பவர்கள், காலில் ரத்தம் உறைந்தவர்கள். முட்டி திடீரென்று சிவந்து, சுட்டு, காய்ச்சலோடு வீங்கினாலும், காலை ஊன்றவே முடியாவிட்டாலும் அது மெஷினுக்குப் போகிற நேரம் அல்ல, ஆஸ்பத்திரிக்குப் போகிற நேரம். கெண்டைக்கால் ஒன்று மட்டும் வீங்கி வலித்தாலும் அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும். கூடவே மூச்சு வாங்கினால் உடனே ஓட வேண்டும்.

இழுவையோடு கரண்ட் வைப்பது, லேசர், அல்ட்ராசவுண்ட் என்று பேக்கேஜில் பலதையும் சேர்த்துவிடுகிறார்கள். கரண்ட் வைத்தால் அந்த நேரத்துக்கு இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் இங்கிலாந்தில் ‘நைஸ்’ என்ற அமைப்பு 2022இல் வெளியிட்ட தேய்மான வழிகாட்டுதலில் இந்த மின்சார சிகிச்சைகள் வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறது. பலருக்கும் கடையில் தூக்கிக் கொடுக்கும் குளுக்கோசமைன் மாத்திரையும் அந்த வேண்டாம் பட்டியலில் இருக்கிறது. தேய்மானம் உள்ள அத்தனை பேருக்கும் வேண்டும் என்று அது சொல்வது உடற்பயிற்சி. எடை அதிகமாக இருந்தால் குறைப்பது. முட்டி வலிக்கு மேலே தடவும் டைக்ளோபினாக் வகை ஜெல். மூன்றிலும் செலவு குறைவு, அதனால்தானோ என்னவோ நோட்டீஸில் அவை பெரிய எழுத்தில் வருவதில்லை.

உடற்பயிற்சி பற்றித்தான் நான் அதிகம் சொல்ல ஆசைப்படுகிறேன். வலியில் இருக்கும்போது காலை மடக்கி நீட்டவே பயம், அதனால் அசைக்கமாட்டோம். அசைக்காததால் தொடைச் சதை இளைக்கும். சதை தாங்க வேண்டிய சுமையும் மூட்டின் மேல் விழும், வலி கூடும். வலி குறைந்த அந்தச் சில வாரம்தான் இந்தச் சுற்றை உடைக்கக் கிடைக்கும் நேரம். என்னோடு வந்துகொண்டிருந்தவர்களில் வலி போய்விட்டது என்று மெஷினோடு நிறுத்திக்கொண்டவர்கள் சில மாதத்தில் மறுபடி அதே கட்டிலுக்கு வந்தார்கள்.

அந்தப் பெண் சொல்லிக்கொடுத்தது கஷ்டமானது எதுவும் இல்லை. கட்டிலில் காலை நீட்டி, முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, துண்டை நசுக்குவதுபோல முட்டியைக் கீழே அழுத்தி பத்து எண்ணும்வரை பிடிக்க வேண்டும். தொடையின் முன்பக்கச் சதை கல்லாக வேண்டும், கையை வைத்துப் பார்த்தால் தெரியும். முதல் வாரம் என் இடது தொடை கல்லாகவே இல்லை, தொட்டால் கொழகொழவென்று இருந்தது. வலது தொடையில் கையை வைத்து, பிறகு இடதில் வைத்தபோதுதான் எவ்வளவு இளைத்திருக்கிறது என்று எனக்கே புரிந்தது. அது சரியான பிறகு ஒரு காலை மடக்கி வைத்துக்கொண்டு மற்றக் காலை மடக்காமல் ஒரு முழம் உயரம் தூக்கிப் பிடிப்பது. அதுவும் பழகிய பிறகு நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து, மெதுவாக உட்காருவது. நாற்காலி தாழ்வாக இருந்தால் மேலே தலையணை போட்டு உயர்த்திக்கொள்ளலாம். டொப்பென்று விழாமல் உட்காருவதுதான் இதில் பயிற்சி. நம் தெருவில் யாருக்காவது ஒன்றே ஒன்றைச் சொல்லலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். பயிற்சியின்போது லேசான வலி இருக்கலாம், மறுநாள் வரை அது நீடித்தால் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும், நிறுத்தக்கூடாது.

எடை விஷயத்தில் ஒரு கணக்கு என்னை அசைத்தது. 2005இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் நடக்கும்போது ஒவ்வொரு எட்டிலும் முட்டியின் மேல் விழும் சுமை நாலு கிலோ குறைவதாக அளந்திருக்கிறார்கள். ஐந்து கிலோ குறைத்தால் ஒவ்வொரு எட்டுக்கும் இருபது கிலோ. தறிக் கொட்டகைக்கும் வீட்டுக்கும் ஒரு நாளில் எத்தனை எட்டு வைக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். ராத்திரிச் சோற்றைக் குறைத்தேன், சாயந்திரக் காபிக்குக் கூட வரும் முறுக்கை விட்டேன். சர்க்கரைக்கும் நல்லதாயிற்று.

வீட்டிலும் சிலதை மாற்றினோம். தார் சுற்றும் ராட்டையை ஒரு மேடையில் ஏற்றி, நாற்காலியில் உட்கார்ந்து சுற்றும்படி செய்துகொண்டேன். இதற்குச் செலவு ஒரு பலகைதான். இந்தியன் கக்கூஸின் மேல் வைக்கும் ஸ்டூல் ஒன்று வாங்கினோம், ராத்திரி எழுந்து போகும் பயம் விட்டது. கோலம் மருமகள் போடுகிறாள், எனக்கு மனசு கேட்காத நாளில் நின்றுகொண்டே குனிந்து நாலு இழை இழுத்துவிட்டு வருகிறேன். கைத்தடி வைத்துக்கொள்ளக் கூச்சப்பட வேண்டாம். ஆனால் வலிக்கிற முட்டி இடது என்றால் தடி வலது கையில் இருக்க வேண்டும். வலிக்கிற பக்கமே பிடித்துக்கொண்டு நடப்பவர்கள்தான் எங்கள் ஊரில் அதிகம். கை மாற்றிப் பிடித்தால் அன்றைக்கே வித்தியாசம் தெரியும்.

வலி மாத்திரை பற்றி ஒரு வார்த்தை. மெடிக்கலில் போய் முட்டி வலிக்கு மாத்திரை கொடு என்று வாங்கித் தினமும் போடுகிற பழக்கம் எங்கள் பக்கத்தில் நிறைய. சர்க்கரையும் பிரஷரும் இருக்கிற நமக்கு அது கிட்னியைக் கெடுக்கும், வயிற்றில் புண் வைக்கும். இழுவைக்குப் போகும் நாளில் மாத்திரை போட்டிருந்தால் பிசியோவிடம் சொல்லிவிடுங்கள். வலி மரத்துப்போன முட்டியை எவ்வளவு இழுப்பது என்று அவருக்குத் தெரியாது.

பொதட்டூர்பேட்டையில் இருக்கும் என் அக்காவுக்கும் இதே முட்டிதான். எல்லைக்கு அந்தப் பக்கம் என்பதால் அவளுக்கு ஒரு வசதி உண்டு. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், நடமாட்டம் குறைந்தவர்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கிறார்கள். அக்கா மெஷினுக்குப் போகவில்லை. வீட்டுக்கு வந்தவர் சொல்லிக்கொடுத்த அதே துண்டுப் பயிற்சி, அதே நாற்காலிப் பயிற்சியைத் தவறாமல் செய்கிறாள். போன பொங்கலுக்கு வந்தபோது இரண்டு பேரும் சேர்ந்து கடைத்தெருவுக்கு நடந்தோம், அவள் எனக்குப் பின்தங்கவில்லை. வலி தாங்க முடியாமல் பயிற்சியையே ஆரம்பிக்க முடியாதவர்களுக்கு மெஷின் ஒரு கைதூக்கு. இப்போதே பயிற்சி செய்ய முடிகிறது என்றால் முதலில் இரண்டு மூன்று மாதம் அதைச் செய்து பார்த்துவிட்டு மெஷினைப் பற்றி யோசிக்கலாம். எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

ஆபரேஷனை நான் எதிர்க்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ராத்திரித் தூக்கமே இல்லாத வலி, வீட்டுக்குள் நடமாடவே முடியாத நிலை, இதெல்லாம் செய்து பார்த்தும் குறையவில்லை என்றால் மூட்டு மாற்று ஆபரேஷன் நல்ல வழிதான், பயந்து தள்ளிப்போட்டு கால் வளைந்த பிறகு போவது கஷ்டம். திருப்பதியில் தேவஸ்தானம் நடத்தும் பர்டு ஆஸ்பத்திரியிலும் வேலூர் சி.எம்.சி.யிலும் செய்கிறார்கள். செயற்கை மூட்டின் விலைக்கு மத்திய அரசின் மருந்து விலை ஆணையம் 2017 ஆகஸ்டிலேயே உச்சவரம்பு வைத்துவிட்டது. ஆகவே எங்கே போனாலும் மூட்டுக்கு எவ்வளவு, ஆஸ்பத்திரிச் செலவு எவ்வளவு என்று பில்லில் தனித்தனியாகக் கேட்டு வாங்கலாம். என் இடது முட்டிக்கு அந்த நாள் வரலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வந்தால் போவேன். தொடைச் சதை பலமாக இருப்பவர்கள் ஆபரேஷனுக்குப் பிறகு சீக்கிரம் எழுந்து நடக்கிறார்களாம், அதனால் துண்டும் நாற்காலியும் தினமும் காலையில் காபிக்கு முன்னால் நடக்கின்றன.